எந்த ஓடு?

தமிழில் ‘ஓடு’ என்று ஒரு சொல் இருக்கிறது. முட்டைக்கும் அதுதான், ஆமைக்கும் அதுதான், கூரைக்கும் அதுதான். காட்டெருமை எதிரே வந்தாலும் அதுதான். இந்தக் கடைசிப் பொருளை மறந்துவிட்டு யாரும் குன்னூரில் பாடம் நடத்தப் போகக் கூடாது.

நான் போனேன். ஒரு பெண்கள் கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு மாதிரி வகுப்பு. கிடைத்தால் பக்கத்திலேயே, கேத்தியில் எங்கள் வீட்டில், அம்மா சமையலோடு இருக்கலாம். இல்லையென்றால் சென்னையில் மாமா வீட்டு மாடியறையில் வெந்து சாகவேண்டும். தலைப்பு, வைரஸின் புரத ஓடு. (அதன்மேல் எனக்கு அப்போது காதல். இப்போதும்தான்.)

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை ஒரே அளவு முக்கோணங்களாக வெட்டி, ஒன்றின் காதை அடுத்ததன் கீறலில் செருகி, பசையே இல்லாமல் இருபது முகம் கொண்ட ஓடு ஒன்று செய்திருந்தேன். அதைச் சன்னலோர ஸ்டூலில் வைத்தேன். பின்வரிசையில் கல்லூரி முதல்வர் அம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வைரஸின் மரபுப்பொருளைப் பத்திரமாகக் காப்பது, செல்லின் வாசலைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்வது, உள்ளே போனதும் சமயம் பார்த்துத் திறந்துகொள்வது எல்லாம் இந்த ஓடுதான் என்று உருகினேன். உருக்கம் தலைக்கேறி, சன்னலை நோக்கிக் கையை நீட்டி, “அதோ பாருங்க! ஓடு!” என்று கத்திவிட்டேன்.

முந்தைய வாரம்தான் அதே சன்னலுக்கு வெளியே ஒரு காட்டெருமை வந்து நின்றதாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

பெஞ்சுகள் கவிழ்ந்தன. ஸ்டூல் உருண்டது. முதல்வர் அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் பறந்தார்.

“ஏனுங்க மிஸ், நீங்க ஓடலீங்களா?” என்று வாசலிலிருந்து ஒரு மாணவி அலறினாள்.

“இது அந்த ஓடு இல்லம்மா!”

“எந்த ஓடா இருந்தா என்னங்க? மொதல்ல வெளிய வாங்க!”

எருமை இல்லை என்று தெரிந்து எல்லோரும் திரும்பியபோது, என் ஓடு தரையெங்கும் துண்டு துண்டாகக் கிடந்தது. சென்னை வெயில் அப்போதே முதுகில் அடித்தது. அழுதுகொண்டே பொறுக்கினேன். அலறிய பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எது எங்க வருமுங்க மிஸ்?”

“எல்லாம் ஒண்ணுதாம்மா. எது வேணா எங்க வேணா வரும்.”

மற்றவர்களும் குனிந்து, கிடைத்ததைக் கிடைத்ததோடு செருகினார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஓடு தானாக வளைந்து மூடிக்கொண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: வைரஸுக்குள் இருப்பது ஒரு துளி மரபுச்செய்தி, பெரிய ஓட்டுக்கு வரைபடம் எழுத அதில் இடமில்லை. அதனால் ஒரே மாதிரிச் சின்னப் புரதங்களைத் திரும்பத் திரும்பச் செய்து விட்டுவிடுகிறது. அவை தாமே கூடிக் கோத்துக்கொள்கின்றன.

“ஆரும் சொல்லித் தராமயா?” என்றார் முதல்வர் அம்மா, இன்னும் மூச்சு வாங்கியபடி.

“ஆமாங்க மேடம்.”

“அடேயப்பா!”

வேலை கிடைத்தது. வகுப்பில் ‘கவசம்’ என்றே சொல்லவேண்டும் என்பது நிபந்தனை.

போன மாதம் எங்கள் வாசலில் நிஜமாகவே ஒரு காட்டெருமை வந்து நின்றது. “ஓடு! ஓடு!” என்று கத்தினேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“எந்த ஓடு கண்ணு? முட்டையா, வைரஸா?”