விலை இறங்கும், வெயிட் பண்ணு!

கடலூர் மாவட்டத்திலேயே, ஏன், இந்தப் பூமியிலேயே வீடியோ கேம் கம்பெனிக்காரர்களைத் தனி ஆளாக எதிர்த்து நின்ற ஒரே வீரன் என் நண்பன் வெயிட்டிங்தான். அப்படி ஒரு போர் நடந்ததே அந்தக் கம்பெனிகளுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

அவனுக்குப் பெற்றோர் வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. ஆபீஸில் சம்பளம் போடுகிறவரைத் தவிர யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. எந்தப் புது கேம் வந்தாலும், "வெயிட் பண்ணு மச்சான், வெல எறங்கும்" என்பான். ஒரு வருஷம் கழித்து விலை பாதியானதும் வாங்குவான். ஆக, நாங்கள் எல்லாம் இந்த வருஷத்தில் வாழ்ந்துகொண்டிருக்க, அவன் மட்டும் போன வருஷத்தில் குடியிருந்தான்.

சிதம்பரத்தில் ஒரே இன்சூரன்ஸ் ஆபீஸில் இருவருக்கும் வேலை. தினமும் கடலூரிலிருந்து பஸ். பஸ் முழுக்கக் காலேஜ் பிள்ளைகள், பேச்சு முழுக்க கேம். விலை இறங்கி வாங்குவதற்குள் கேமின் கதை காதில் விழுந்துவிடக் கூடாதே! ஏறியதும் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொள்வான். இவனுக்குக் காது கேட்காது என்றே முடிவு கட்டிவிட்ட கண்டக்டர், சைகையில் டிக்கெட் கொடுத்து, உட்கார இடமும் பிடித்துத் தருவார்.

ஒருநாள் பஞ்சை மறந்துவிட்டான். ஆலப்பாக்கம் தாண்டியதும் பின் சீட்டில் ஒரு பையன், "கடைசில பாத்தா அந்தக் கெழவன்தான்டா..." என்று ஆரம்பித்தான். "நிறுத்துங்க!" என்று வெயிட்டிங் போட்ட அலறலில் டிரைவர் பஸ்ஸையே நிறுத்திவிட்டார். கண்டக்டரோ, காது கேட்காதவருக்குக் காது வந்துவிட்டதே என்று தில்லை இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டார். இவன் இறங்கி வெயிலில் நின்று, அடுத்த பஸ் பிடித்து, ஆபீஸுக்கு ரொம்ப லேட்டாக வந்து சேர்ந்தான். மேனேஜர் காரணம் கேட்டார்.

"கதையச் சொல்லிட்டாங்க சார்."

"எந்தக் கதைய?"

"அது தெரியக் கூடாதுன்னுதான் சார் எறங்கிட்டேன்."

மேனேஜர் அரை நாள் லீவு போட்டார். அவனுக்கல்ல, தனக்கு.

விலை இறங்கி அவன் வாங்கிய பிறகு எங்களுக்கு வேறு தொல்லை. ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே போன் வரும்.

"மச்சான், பாலத்துமேல ஒரு பூதம் வருதே, அத எப்பிடி அடிச்ச?"

"எந்தப் பூதம்டா? மறந்துபோச்சு."

"பூதத்தகூடவா மறப்பாங்க! நீங்கல்லாம் காசு குடுத்து என்னாடா வெளையாடுறீங்க?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புது கேமின் விலை ஏறியது. கம்பெனிக்காரர்கள் சொல்லிவைத்தாற்போல் ஆளாளுக்கு ஏற்றினார்கள். சாப்பாட்டு நேரத்தில் வெயிட்டிங் எழுந்து நின்று, "இத ஏத்துக்கப் போறீங்களா?" என்று கேட்டான். ஆபீஸில் விளையாடுகிற எல்லோரும் ஒரே குரலில் "மாட்டோம்!" என்றோம். உணர்ச்சிவசப்பட்ட ஒருத்தர் சாம்பார் சாதத்தின் மேல் சத்தியம் செய்தார். அடுத்த கேம் வெளியான அன்று ஆபீஸ் பாதி காலி. எல்லோருக்கும் காய்ச்சல். சாம்பார் சாதத்துக்காரருக்கு மட்டும் நூற்று மூன்று டிகிரி.

மனம் உடைந்த வெயிட்டிங், அந்த ஞாயிறு கடலூர் திருப்பாப்புலியூரில் கேம் விற்கும் பாயின் கடை வாசலில் தனியாகப் போராட்டம் ஆரம்பித்தான்.

"புதுச வாங்காதீங்க. அநியாய வெல. உள்ள மூணாவது தட்டுல பழசு ஒண்ணு கெடக்கு. அதுல வர்ற கத்திச் சண்டைக்கு இது ஒற போடக் காணாது!" என்று வருகிறவர்களை எல்லாம் மறித்துச் சொன்னான். சொன்னதோடு விடவில்லை. மடக்குக் குடையை உருவி அந்தச் சண்டையை நடுரோட்டில் போட்டும் காட்டினான்.

பல வருஷமாகத் தூசி தின்றுகொண்டிருந்த பழைய டிஸ்குகள் எல்லாம் மதியத்துக்குள் விற்றுத் தீர்ந்தன. அடுத்த ஞாயிறு பாய் அவனுக்கு நாற்காலி போட்டார். அதற்கடுத்த ஞாயிறு ஃபேன் வைத்து, பிரியாணியும் வரவழைத்தார். "தம்பி, வாராவாரம் போராட வந்துடுங்க. யாவாரம் ஜாஸ்தியா இருக்கு!"

வெயிட்டிங் குழம்பிப்போய் என்னிடம் வந்தான்.

"மச்சான், போராட்டம் ஜெயிச்சிடுச்சா, தோத்துடுச்சா?"

"பிரியாணி எப்பிடி இருந்துச்சு?"

"பிரமாதம்."

"அப்ப ஜெயிச்சிடுச்சு."

அவனுக்குப் பெண் பார்க்கத் திட்டக்குடிக்குப் போனோம். பெண் மைதிலி, சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். தனியாகப் பேசிவிட்டு வந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னாடா, புடிக்கலியா?"

"ரொம்பப் புடிச்சிருக்கு. ஆனா அவுங்க புது கேம் வர்ற அன்னிக்கே வாங்கிடுவாங்களாம். அதுக்கும் முன்னாடியே பணம் கட்டி வச்சிடுவாங்களாம் மச்சான்!"

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டேன். ஆச இருக்கும்போதே வெளையாடிடணும், ஒரு வருசம் கழிச்சி வெல எறங்குற மாதிரி ஆசையும் எறங்கிடுமேங்கறாங்க."

கடலூர் வந்து சேரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தான்.

கல்யாணம் ஆகி, சிதம்பரத்திலேயே வீடு பார்த்துக்கொண்டார்கள். ஹாலில் மைதிலி புது கேம் ஆடுவாள். கதை தெரியக் கூடாதென்று இவன் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். உள்ளே வேறு என்ன செய்வது? சமைத்தான். கத்தரிக்காய் கொத்சு வைப்பதில் மாமியாரே வந்து பக்குவம் கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டான். ஹாலிலிருந்து "அய்யய்யோ, செத்துட்டானே!" என்று அவள் கத்துவாள். உள்ளேயிருந்து "யாருன்னு சொல்லாத! சொல்லாத!" என்று இவன் கதறுவான். மற்றபடி இனிய இல்லறம்.

போன மாதம் ஒருநாள், எதையோ பறிகொடுத்தவன் மாதிரி என் மேஜைக்கு வந்தான். இருவருக்கும் பிடித்த கேம் ஒன்றின் கடைசிப் பாகம் வரப்போகிறது. விலை மறுபடியும் ஏறிவிட்டது.

"மைதிலி வேணாங்கறா மச்சான். இவ்ளோ வெல குடுக்க முடியாது, நானும் ஒங்கள மாதிரி வெயிட் பண்றேங்கறா."

"நல்லதுதானே! வாழ்நாள்ல ஒருத்தராவது ஒன் பேச்சக் கேட்டாங்களே."

"கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த விளம்பரத்தத் தெனமும் பாக்குறா. பாத்துட்டு போனக் கவுத்து வச்சிடறா."

கேம் வெளியான அன்று வெயிட்டிங் ஆபீஸுக்கு வரவில்லை. நடந்ததைப் பிறகு பாய்தான் சொன்னார். காலையிலேயே கடலூருக்குப் போய்க் கடை வாசலில் நின்றிருக்கிறான். போராட வந்திருக்கிறான் என்று பாய் நாற்காலியைத் தூக்க, இவன், "புதுசு ஒண்ணு குடுங்க பாய்" என்றிருக்கிறான். பாய் பதறிவிட்டார்.

"தம்பி, ஒடம்பு கிடம்பு சரியில்லையா? ஒரு வருசம் பொறுத்தா நானே பாதி வெலைக்குத் தர்றேனே!"

"பரவால்ல பாய், குடுங்க."

நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததாகப் பாய் இன்றைக்கும் சொல்கிறார்.

அன்று சாயங்காலம், என்ன ஆயிற்றோ என்று அவன் வீட்டுக்குப் போனேன். வாசலுக்கே வந்து ரகசியமாகச் சொன்னான்: "எனக்கு வெயிட் பண்றது பழக்கந்தான் மச்சான். அவ வெயிட் பண்றதத்தான் பாக்க முடியல."

உள்ளே போனோம். மைதிலி டி.வி.யைப் போட்டாள். இவன் வழக்கம்போல் சமையலறைப் பக்கம் நடந்தான். அவள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"எங்க ஓடுறீங்க? இது ரெண்டு பேரா ஆடுறது. புடிங்க இத."

கையில் திணித்த கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதப் போகிறவன் மாதிரி உட்கார்ந்தான். அன்றுதான் அவன் எங்கள் வருஷத்துக்கு வந்து சேர்ந்தான்.

நான் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்து செருப்பை மாட்டினேன். உள்ளேயிருந்து மைதிலியின் குரல் வந்தது.

"லெப்ட்ல வாங்கங்கறேன்!"

"எனக்கு லெப்ட்டா, ஒனக்கு லெப்ட்டா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே லெப்ட்டுதாங்க!"

பிறகு இருவரும் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. கடலூர் பஸ் போய்விடும் என்று தெரிந்தும், அந்த வாசலை விட்டு நகர எனக்கு மனசே வரவில்லை.