பிடித்துக்கொண்டே கேளுங்கள்

விளக்குவோர் என்றொரு இனம் இருக்கிறது. மழைக்காலத்தில், முழங்கால் தண்ணீரில் நின்றுபோன மோட்டார் சைக்கிளை நீங்கள் மூச்சுவாங்கத் தள்ளிக்கொண்டு போகும்போது, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கூடவே நடந்து, உங்கள் தொடைத் தசைக்குள் இந்த நொடியில் என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருவாரே, அவர்தான். வண்டியில் கை வைக்கமாட்டார். உதவக்கூடாது என்பதல்ல; விளக்குவதற்கு அவருக்கு இரண்டு கையும் வேண்டும்.

இவர்களை அடையாளம் காண்பது எளிது. “சுருக்கமாகச் சொன்னால்” என்று தொடங்குவார்கள்; அப்போதே உட்கார ஓர் இடம் பார்த்துக்கொள்வது நல்லது. சுளுக்குக்கு ஐஸ் வைப்பதா, வெந்நீர் ஒத்தடமா என்று கேட்டுப் பாருங்கள். ஐஸ் உருகிவிடும், வெந்நீர் ஆறிவிடும், பதில் மட்டும் இன்னும் தசைச் செல்லின் சவ்வைத் தாண்டியிருக்காது. “இன்னும் ஒரே ஒரு விஷயம்” என்பார்கள். அது ஒன்றோடு நின்றதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? வீட்டில் கண்ணாடி இருக்கிறது.

காரைக்காலில் தமிழிலும் பிரெஞ்சிலும் படித்து, இரண்டு மொழியிலும் பேசாமல் இருக்கப் பழகியவள் நான். கல்யாண வீடுகளில் என்னை ஊமை என்று நினைத்துப் பரிதாபப்பட்டவர்கள் உண்டு. ஆனால் யாராவது தசை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. இப்போது வியட்நாமின் சைகோனில், டிஸ்ட்ரிக்ட் 1-இல், ஓர் இயன்முறை மருத்துவ நிலையத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே நாள் முழுக்கத் தசை என்றுதான் சொல்கிறார்கள்.

அங்கே வந்தவர்தான் ஃபெர்னான். புதுச்சேரிக் குடும்பம், பிறந்து வளர்ந்தது இங்கே. எங்களுக்குள் மத்மோசேல், முசியே, மதாம் என்று பிரெஞ்சு மரியாதை. டான் சோன் நாட் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவுக்கும் நகரத்து அலுவலகங்களுக்கும் இடையே மோட்டார் சைக்கிளில் காகிதங்கள் கொண்டுபோகும் வேலை. வலது மணிக்கட்டு முறிந்து, கட்டுப் பிரித்து, ஒரு மாதமாகப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தார். வலது கைப் பிடி இருபது கிலோவைத் தொட்டால்தான் பிரேக்கை நம்பலாம், அப்போது வண்டி ஓட்டலாம் என்று சீட்டு எழுதித் தருகிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை சீட்டுக் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை அவர் வேலைக்கு வேறு ஆள்.

டாக்டர் வருவதற்குமுன் நான் ஒருமுறை அளந்தேன். இருபத்திரண்டு. குறிப்பேட்டில் எழுதினேன். ஃபெர்னானின் மனைவி ஐரேன் சிலுவை போட்டுக்கொண்டார். இன்னும் பத்து நிமிடம் நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கதை இல்லை.

“போன மாசம் ஒரு டம்ளர் தூக்க முடியல. இப்ப எப்படி மத்மோசேல் இவ்ளோ பலம் வந்துச்சு?” என்று ஃபெர்னான் கேட்டார்.

கேட்டார். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஸ்பிரிங் வைத்த கைப்பிடி ஒன்றை எடுத்து அவர் வலது கையில் கொடுத்தேன். “இத நல்லா அழுத்திப் புடிங்க முசியே. புடிச்சுக்கிட்டே கேளுங்க.”

சுருக்கமாகச் சொன்னால், தசைக்குள் மெல்லிய ஆக்டின் இழைகளும் தடித்த மயோசின் இழைகளும் மாற்றி மாற்றி அடுக்கியிருக்கின்றன என்றேன். தசை சுருங்கும்போது அந்த இழைகள் எதுவும் சுருங்குவதில்லை, ஒன்றின் இடுக்கில் ஒன்று வழுக்கி நுழைகிறது என்று என் பத்து விரல்களையும் கோத்துக் காட்டினேன். நரம்பு உத்தரவு கொடுத்ததும் கால்சியம் பாய்ந்து வந்து ஆக்டினின் மறைப்பை ஒதுக்க, மயோசினின் குட்டித் தலைகள் பற்றி, இழுத்து, விட்டு, மறுபடி பற்றுகின்றன என்றேன். ஒரு தலை ஒருமுறை இழுக்கும் தூரம் தலைமுடிப் பருமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றேன். எல்லாத் தலையும் ஒன்றாக விட்டால் பிடி நழுவும், ஆகவே சில விடும்போது சில பிடித்திருக்கும் என்றேன். அவர் நெற்றி வியர்த்தது. ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன்.

“இத விட்டுடட்டா மத்மோசேல்?”

“அங்கதான் விஷயமே இருக்கு முசியே. இழுத்த தலை பிடிய விடணும்னா ஏடிபின்னு ஒண்ணு வந்து ஒட்டணும். அது தீர்ந்துபோச்சுன்னா விடவே முடியாது. செத்தவங்க உடம்பு விறைக்குதே, அதனாலதான்.”

“நான் இன்னும் சாகலயே.”

“சாகற வரைக்கும் விடமாட்டா போல” என்றார் ஐரேன். “பொண்ணே, அவர் மூஞ்சியப் பாரு.”

“இன்னும் ஒரே ஒரு விஷயம் மதாம்.”

டாக்டர் உள்ளே வந்தார். அளந்தார். பதினான்கு. மறுபடி அளந்தார். பதின்மூன்று. குறிப்பேட்டைப் பார்த்து, சற்றுமுன் இருபத்திரண்டு என்று எழுதியிருக்கிறதே, ஏன் என்று என்னைக் கேட்டார்.

அதற்கு ஒரு வரிப் பதில் இருந்தது. நானோ, தசை தொடர்ந்து சுருங்கும்போது பாஸ்பேட் சேர்வதையும் கால்சியம் வெளிவருவது குறைவதையும் பற்றி என் அரைகுறை வியட்நாமியத்தில் தொடங்கினேன். ஒவ்வொரு சொல்லும் சரி. யார் அப்படித் தொடர்ந்து சுருங்க வைத்தது என்பது மட்டும் அதில் இல்லை. ஃபெர்னான் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருள்போல. ஐரேன் என்னைப் பார்த்தார்.

நிறுத்தினேன். “பத்து நிமிஷமா நான்தான் இவர பிடிக்க வச்சேன்” என்றேன். என் வாழ்நாளிலேயே மிகச் சிறிய விளக்கம். இருப்பதிலேயே கடினமானதும்கூட.

டாக்டர் திட்டவில்லை. அரை மணி ஓய்வு கொடுத்து மறுபடி அளப்போம் என்றார். பிறகு கதவைக் காட்டி, நீ வெளியே இரு என்றார்.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தபோது ஃபெர்னான் கையில் காகிதம் இருந்தது.

“இருபத்தொண்ணு மத்மோசேல். சீட்டு குடுத்துட்டாங்க.” இரண்டு படி இறங்கி நின்றார். “பாஸ்பேட்னியே, அது இன்னா?”

“கேக்காத” என்றார் ஐரேன், அவர் சட்டையைப் பிடித்து இழுத்து. “நட.”

நீங்கள் இந்த இனம் இல்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். இருங்கள். தசை சுருங்கும்போது அதன் இழைகள் சுருங்குவதில்லை என்பது இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. நாளைக்குள் யாரிடமாவது சொல்லாமல் இருக்கமாட்டீர்கள். சொல்லுங்கள், தப்பில்லை. அவர் தோளில் தண்ணீர்க் கேன் இருந்தால் மட்டும், முதலில் அதை வாங்கிக் கீழே வைத்துவிடுங்கள்.