மாமனார் வண்டிக்கு நான் பூசிய பவுடர்

ஒன்றுமே தெரியாதவனால் உலகத்துக்குப் பெரிய கெடுதல் கிடையாது. அவன் வாயை மூடிக்கொண்டு இருப்பான். அரைகுறையாகப் படித்தவன்தான் ஆபத்து. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ராயபுரத்தில் அப்படி ஒருத்தன் இருந்தான். கல்யாணமாகி ஒரு வருஷம், துறைமுகச் சரக்குக் கிளியரிங் ஆபீஸில் குமாஸ்தா, மூக்குக்கு மேல் கர்வம். நான்தான்.

என் மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். திருவொற்றியூரில் அவர் வீட்டு வாசலில் ஒரு பழைய 350 சிசி வண்டி எட்டு வருஷமாக ஓடாமல் நின்றது. அறுபதாம் கல்யாணத்தன்று மாமியாரைப் பின்னால் உட்கார வைத்து அதில் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. வாய்விட்டு அவர் கேட்ட ஒரே ஆசை. "நான் ரெடி பண்ணித் தரேன் மாமா" என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை.

என் தகுதி, மூர் மார்க்கெட்டில் வாங்கிய நாலு பழைய ஆங்கில மோட்டார் பத்திரிகை. (மூன்றைப் படித்தேன். நாலாவதில் படம் மட்டும் பார்த்தேன்.)

எஞ்சினை மெக்கானிக் பார்த்துக்கொண்டார். கழற்றிய சேசிஸுக்கு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு, என்ன பூசுவது என்ற முடிவை மட்டும் என்னிடம் விட்டார், பாவி. கொருக்குப்பேட்டையில் பெயிண்டர் பாஸ்கரைப் பார்க்கப் போனேன்.

"கறுப்பு எனாமல் அடிச்சி சூட்டுல காய வெச்சா போதும் சார்" என்றார் பாஸ்கர். "கம்பெனிலேர்ந்து வர்சொல்ல அப்டித்தான் வந்துச்சி. கீறல் வுயுந்தா நானே டச்சப் பண்ணிக் குடுக்குறேன்."

"பெயிண்டெல்லாம் பழைய காலம்ங்க. நான் பவுடர் கோட்டிங் போடப் போறேன்." (பொடியைத் தூவி, சூளையில் வைத்து உருக்கி ஒட்ட வைப்பது.)

"ஆஸ்பத்திரி கட்டிலுக்கு அடிப்பாங்களே, அதுவா சார்?"

அவரைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

பவுடர் போடுமுன் பழைய பெயிண்டைச் சுத்தமாக எடுக்க வேண்டும் என்று பத்திரிகை சொன்னது. அதற்கு நான் பிடித்தது காசிமேட்டில் படகுகளுக்குத் துரு சுரண்டும் ஒரு ஆளை. கிரைண்டரோடு பாதி வேலையில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சார், ஹேண்டில்பார் கீய, கழுத்தாண்ட குயி குயியா ஏதோ கீது. எயுத்து மாரி தெரியுது. வுட்றவா?"

குனிந்து பார்த்தேன். நாற்பது வருஷ அழுக்கில் என்ன தெரியும்? "உப்புக் காத்து அரிச்ச தழும்புப்பா அது. கண்ணாடி மாதிரி வரணும், தேய்ச்சு எடுத்துடு."

"நெசமாவா சார்?"

"எனக்குத் தெரியாதா?"

தெரியாது.

சேசிஸ் கருகருவென்று மின்னிக்கொண்டு வந்தது. வண்டியைப் பூட்டி முடித்ததும் மாமனார் விரலால் தடவிப் பார்த்து, "ஷோக்கா கீது மாப்ளே" என்றார். என்னை அவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. பத்து நாள் தரையில் கால் பாவவில்லை எனக்கு.

விசேஷத்துக்கு மூன்று நாள் முன்னால், ஆர்.சி.யைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனோம். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மாமனாரும் வந்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் பேப்பரும் பென்சிலுமாகக் குனிந்தார். சேசிஸில் பொறித்திருக்கும் நம்பர் மேல் பேப்பரை வைத்துத் தேய்த்து, ஆர்.சி.யில் உள்ளதோடு ஒத்துப் பார்ப்பது வழக்கம்.

இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். சாவியால் சுரண்டினார். பவுடர் அசையவில்லை. (அதன் தரத்துக்கு நான் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவேன்.)

"நம்பர் எங்க?" என்றார்.

நான் ஹேண்டில்பாருக்குக் கீழே பார்த்தேன். உப்புக் காற்று அரித்த தழும்பு.

"பெரியவரே, வண்டி எங்க வாங்கினீங்க? நம்பரைத் தேய்ச்சிட்டுக் கொண்டாரவங்க பூரா திருட்டு வண்டிக்காரங்கதான்."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். முப்பது வருஷம் கிரேனில் ஒரு மூட்டையைக்கூடச் சிந்தாத மனுஷன், என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "மாப்ளே, இன்னா சொல்றாரு இவரு?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முகம் சுண்டிப்போய், வேட்டி நுனியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். நான் அவமானத்தில் செத்தேன்.

அறுபதாம் கல்யாணத்துக்கு இருவரும் ஆட்டோவில் போனார்கள். மாலையும் கழுத்துமாக மாமியார் ஒடுங்கி உட்கார்ந்திருக்க, டிரைவர் சீட்டில் பாதியில் தொங்கிக்கொண்டு நான். போலீஸ், விசாரணை, பழைய ரசீது என்று அலைந்து, வேறு நம்பர் பொறித்து வண்டி ரோட்டுக்கு வர ஒரு வருஷம் ஆயிற்று. அந்த ஒரு வருஷமும் என்னிடம் அவர் பேசியது "சாப்ட்டீங்களா" மட்டும்தான்.

அடுத்த வருஷம் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் பேத்தியைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்த மாமனார், இடது தோளில் ஒரு மச்சத்தைக் கண்டுபிடித்தார். என் மனைவியிடம் திரும்பி, என் காதில் விழும்படி சொன்னார்: "எம்மா செல்வி, கொயந்தைய குளிப்பாட்ட மட்டும் இவராண்ட குட்த்துறாத. மச்சத்த தேய்ச்சி எட்த்துடுவாரு."

நர்ஸ் வரை சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஒரு வருஷம் கழித்து என்னைப் பார்த்துச் சிரித்தாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மகள் பத்தாம் வகுப்பு வந்தபோது, பொதுத்தேர்வுப் படிவத்தில் அங்க அடையாளம் எழுதச் சொன்னார்கள். தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, என் எதிரிலேயே போனைப் போட்டாள்.

"தாத்தா, இன்னும் கீது."