பக்கத்துக்கு ஒரு கோப்பு

எதையும் பிரிப்பதற்கு ஒரு கைராசி வேண்டும். அது மேலாளருக்கு அமோகமாக இருந்தது. கணவன் ஓர் ஊரிலும் மனைவி ஓர் ஊரிலுமாக எத்தனையோ ஊழியர்களைப் பிரித்துவைத்த மகான், பாவம், கணினியில் ஒரே ஒரு கோப்பைப் பிரிக்கத் தெரியாமல் தவித்தார்.

இடமாறுதல் கேட்ட முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் பதில்கள் அந்த ஒரே கோப்பில் கிடந்தன. ஒவ்வொரு பதிலும் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் கருணை வழியும்: ‘தங்கள் கோரிக்கை நியாயமானது. மாறுதலுக்குச் சம்மதிக்கிறேன்.’ இரண்டாம் பக்கம் ‘ஆனால்’ என்று தொடங்கி, ‘நிர்வாக நலன் கருதி இப்போதைக்கு இல்லை’ என்று முடியும். தன் கையெழுத்தின் அழகில் அவருக்கே ஒரு மயக்கம். பக்கத்துக்கு ஒன்று போட்டிருந்தார்.

தட்டச்சர் ஆறு வருஷமாக மாறுதல் கேட்பவள். புருஷனும் மகளும் வேறு ஊரில். “அம்மா, நீ எப்போ விருந்தாளி மாதிரி இல்லாம வருவே?” என்று போன வாரம் போனில் குழந்தை கேட்டதும் அழுதேவிட்டாள். தனக்கான ‘ஆனால்’ஐயும் தானே அடித்து வயிறெரிந்தவள் அவள்.

“கையால பிரிச்சா ஒரு வாரம் ஆகும் சார். மேக்ரோன்னு ஒண்ணு இருக்கு. ஒரு தடவை கட்டளை எழுதிட்டா கம்ப்யூட்டரே பிரிச்சு, முகவரி பார்த்து அனுப்பிடும். கடிதம் கடிதமா பிரிக்கவா, பக்கம் பக்கமாவா?”

“கடிதம் கடிதமான்னா எத்தனை கோப்பு?”

“முந்நூத்திப் பன்னெண்டு.”

“பக்கம் பக்கமா?”

“அறுநூத்தி இருபத்தி நாலு.”

“அப்புறம் என்னம்மா கேள்வி? மேலிடத்துக்கு அறிக்கை போகணும். எது பெரிசோ அதைப் பண்ணு!”

“சார், ரெண்டாம் பக்கத்துல முகவரி…”

“எனக்கே பாடம் எடுக்கறியா?”

எடுக்கவில்லை. பெரியவர்கள் சொல்லைத் தட்டக் கூடாதே! விசையை மட்டும் தட்டினாள்.

நான்கே நிமிஷம். முகவரி இருந்த முதல் பக்கங்கள் உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. முகவரி இல்லாத ‘ஆனால்’கள் போக்கிடமின்றிக் கணினியிலேயே தங்கிவிட்டன. ‘ஒரே நாளில் 624 கோப்புகள்’ என்று அறிக்கை எழுதி மேலாளர் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை அலுவலகத்தில் பாதி நாற்காலி காலி. மீதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டச்சரும் தன் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். மேலாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“யாரைக் கேட்டுக் கிளம்பறே?”

“நீங்கதானே சார் சம்மதிச்சிருக்கீங்க. கையெழுத்தும் இருக்கு.”

“அட, முதல் பக்கத்துல நான் எழுதறதெல்லாம் சும்மா ஒப்புக்குன்னு உனக்குத் தெரியாதா?”

“நல்லாத் தெரியும் சார். அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, எல்லாருக்கும் அனுப்பிடறேன். ஒரே பக்கம்தானே, பிரிக்கவே வேண்டாம்.”