நீ கொடுத்த பேட்டரி ஏரி நடுவில் செய்த காரியம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் உயிரோடு இருக்கிறோம். அங்கே உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உன்னைப் பற்றிக் கடிதத்தின் முடிவில் யோசிக்கிறேன்.

நான் ஓய்வு பெற்றதற்கு நீ ஒரு படகும், அதை ஓட்டக் குட்டி கரண்ட் மோட்டாரும், இரண்டு பேட்டரியும் பரிசாகக் கொடுத்தாய். உன் அக்கா போன வாரம்தான் மனமிறங்கி, "ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு தடவை வரேன். நடுவுல நின்னுச்சுன்னா அதோட சரி, ஜென்மத்துக்கும் என்னைக் கூப்பிடாதீங்க" என்றாள். ஆபீசே கதி என்று கிடந்து அவளை எங்கேயும் கூட்டிப்போகாதவன் என்ற கெட்ட பெயரை ஒரு நாளிலாவது துடைத்துவிட எனக்கு ஆசை. முப்பத்தொரு வருஷம் கடை கடையாகத் தராசைச் சோதித்து முத்திரை குத்தியவன், சோதிக்காமல் பெண்டாட்டியைப் படகில் ஏற்றுவேனா?

புதன்கிழமை இரண்டு பேட்டரியையும் ஒரு ஒயரால் இணைத்து, சமையலறையில் வைத்து சார்ஜ் போட்டேன். பெரிய பிளக் அங்கேதான் இருக்கிறது. பேட்டரி குமிழிவிட்டு நாற்றமடிக்க, உன் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றாள். என் பேன்ட்டில் ஆசிட் தெறித்து நாலு ஓட்டை. சாயங்காலம் சார்ஜரைக் கழற்றிய கையோடு மீட்டர் வைத்தேன், இருபத்தாறரை வோல்ட். அப்பாடா என்று காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் இருபத்தைந்தரை! ஒரு வோல்ட்டை எவன் கொண்டுபோனான்? உனக்குப் போன் போட்டேன். "அத்தான், கழட்டின உடனே பாக்கக் கூடாது, கொஞ்ச நேரம் விட்டுட்டுப் பாக்கணும். அதுவும் மோட்டாரை ஓட்டிப் பாத்தாத்தான் பேட்டரியோட யோக்கியதை தெரியும்" என்றாய். சரி என்று வியாழக்கிழமை படகை ஏரித் துறைக் கம்பத்தில் கட்டி முழு வேகத்தில் ஓட்டினேன். படகு நகரவில்லை, உளுத்த கம்பம் கிளம்பி வந்துவிட்டது. இன்னொரு கம்பத்தில் கட்டி, பேட்டரி தானாக அடங்கும் வரை சோதித்தேன். துறைக் காவல்காரர் வந்து, "என்ன சார், ருசி பாக்கறேன்னு பானையையே வழிச்சுட்டீங்க?" என்கிறார். அந்த ஆளுக்குச் சோதனையைப் பற்றி என்ன தெரியும்! வெள்ளிக்கிழமை மறுபடியும் சார்ஜ். சனிக்கிழமை கை பரபரத்தும் மோட்டாரைத் தொடவில்லை. மீட்டரை மட்டும் நாற்பது தடவை வைத்துப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா புதுச் செருப்பு போட்டுக்கொண்டு ஏறினாள். நான் ஒரு நொடிகூட அசட்டையாக இல்லை. பேட்டரி பக்கத்திலேயே குந்தி, "இருபத்தஞ்சு புள்ளி ரெண்டு! இருபத்தஞ்சு புள்ளி ஒண்ணு!" என்று அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே போனேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறேன், மோட்டார் நின்றுவிட்டது, மீட்டரில் பூஜ்யம். அவள் படகில் கிடந்த ஒற்றைத் துடுப்பை எடுத்துப் போட ஆரம்பித்தாள். கரை சேர ஒண்ணேகால் மணி நேரம். வழி நெடுக அவள்தான் பேசினாள், எனக்குப் போக்கிடம் ஏது, கேட்டுக்கொண்டு வந்தேன். மானம் போச்சுடா. நான் இனி அந்தச் சனியனைக் கையால் தொடமாட்டேன், எல்லாம் படகிலேயே கிடக்கிறது. படகு, மோட்டார், பேட்டரி மூன்றையும் வந்து அள்ளிக்கொண்டு போ. அதோடு நம் போக்குவரத்து முடிந்தது.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள். உனக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா இதை வாங்கிப் படித்துவிட்டாள். "தம்பியைத் திட்டாதீங்க. நீங்க கண்ணாடி துடைச்சப்போ ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல இருந்த ஒயரைப் பிடுங்கினது நான்தான். முக்கால் மணி நேரம் மீட்டரோடயே பேசிட்டிருந்தீங்க. மோட்டார் நின்னப்புறம்தான் என் மூஞ்சியைப் பாத்தீங்க" என்கிறாள். அடுத்த ஞாயிறும் வருகிறாளாம். ஆகவே படகு இருக்கட்டும். மற்றதையெல்லாம், மீட்டர் உட்பட, நீ எடுத்துக்கொண்டு போ. வரும்போது எனக்கும் ஒரு துடுப்பு வாங்கி வா.