கேட்டால்தான் உள்ளே வருவார்

தேனி மாவட்டத்தில் ஒரு ஜவுளிக்கடை வாசலிலோ தியேட்டர் வாசலிலோ காவலாளி ஒருவர் முதுகை நிமிர்த்தி நின்று, கையிலிருக்கும் பீப் கருவியை ஒழுங்காகப் பிடித்து, வருகிறவர்களைக் கண்ணைப் பார்த்து விசாரித்து அனுப்புகிறார் என்றால், அவர் எங்கள் துப்பாக்கியாரிடம் ஒரு முறையாவது மாட்டியவராகத்தான் இருப்பார். செக்யூரிட்டி கம்பெனிகள் கொடுக்கும் பயிற்சியெல்லாம் அவருக்கு அடுத்தபடிதான்.

சின்னமனூரில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் அவர். சொந்தப் பெயர் ஆதார் அட்டையில் இருக்கக்கூடும். தெருவில் யாருக்கும் தெரியாது. ஒல்லி உடம்பு, மெல்லிய குரல். வெள்ளைச் சட்டைக்கு அடியில், வேட்டிக்கு மேல் கட்டிய அகலமான பெல்ட்டில், முறையான லைசென்ஸோடு ஒரு சின்ன ரிவால்வர். தூரத்திலிருந்து பார்த்தால் குடலிறக்கத்துக்கு ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறவர் மாதிரி தெரிவார்.

அந்தத் துப்பாக்கி வந்த கதையே தனி. மலைக்கு மேலே, கேரளப் பக்கம் அவருக்கு ஏலத்தோட்டம். வாராவாரம் கூலிப் பணத்தை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு கம்பம் மெட்டு வழியாக ஜீப்பில் போவார். வழியில் யாராவது மறித்தால் என்ன செய்வது என்று பயந்து லைசென்ஸுக்கு எழுதிப் போட்டார். ஆபீஸ் ஆபீஸாக அலைந்து அது கைக்கு வருவதற்குள் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் போனிலேயே கூலி வாங்கப் பழகிவிட்டார்கள். இருந்தாலும் முதல் வாரம் துப்பாக்கியும் அவருமாக ஜீப் ஏறினார்கள். எல்லைச் செக்போஸ்ட்டில் யாரும் கேட்காமலே இறங்கிப் போய், தன்னிடம் ரிவால்வர் இருப்பதாக அறிவித்தார். கேரளப் போலீஸ்காரர் லைசென்ஸை வாங்கி நிதானமாகப் படித்துவிட்டு, "சேட்டா, இது இவிடெ பற்றில்லா" என்று திருப்பிக் கொடுத்தார். தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் லைசென்ஸ் அது. ஆபத்து மலைக்கு மேலே, துப்பாக்கி மலைக்குக் கீழே. கீழே இறங்கிய ஜீப்பில் திரும்பி வந்தார்.

அன்றிலிருந்து அதற்கு ஒரே வேலைதான்: அத்தையோடு வெளியே போவது. அவர் மனைவியைத்தான் அத்தை என்கிறேன்; உறவெல்லாம் கிடையாது, எதிர்வீட்டு உரிமை. அத்தை வீட்டில் இருந்தால் துப்பாக்கி பீரோவில் இருக்கும். அத்தை கிளம்பினால் வீடு காலி, அதுவும் கிளம்பும். வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வரக்கூடாதா என்று ஒருமுறை கேட்டேன்.

"வீட்டுல வச்சா திருடன் வருவான், மாப்ள."

"திருடனைச் சுடத்தானே மாமா துப்பாக்கி?"

"சுடுறதுக்கு நான் வீட்டுல இருக்கணும்ல. நான் உன்கூட ஜவுளிக்கடையில இருக்கேன்."

இந்தப் பதிலை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

'உன்கூட' என்றது ஏனென்றால் கார் என்னுடையது. எங்கிருந்தோ கைமாறி வந்த பழைய கார். முன்னால் மட்டும் ஓட்டுவேன், பின்னால் எடுக்க வராது. எங்கே போனாலும் முதலில் வண்டியை நடுரோட்டில் நிறுத்தி, இறங்கிப் போய் இடம் பார்த்துவிட்டு வந்து, பிறகு மூன்று பேரின் யோசனையோடு அதைச் சொருகுவேன். என் வீரதீரத்துக்குத் துணையாக ஒரு துப்பாக்கி இருந்தது நல்லதற்குத்தான்.

ஒரு தீபாவளிக்குத் தேனியில் பெரிய ஜவுளிக்கடைக்குப் போனோம். வாசலில் காவலாளி எல்லோர் மேலும் விசிறி வீசுவது போலக் கருவியை வீசிக்கொண்டிருந்தார். மாமாவின் இடுப்புக்கு வந்ததும் அது பீப் என்றது. "போங்கண்ணே" என்றார் காவலாளி. மாமா போகவில்லை.

"என்னப்பா சத்தம் வந்துச்சு?"

"அது எல்லாருக்கும் வரும்ணே. நீங்க போங்க."

"எல்லாருக்கும் வந்தா எதுக்குய்யா அதைக் கையில வச்சிருக்க? என்னண்டு கேளு."

"பெல்ட்டா இருக்கும்ணே."

"பதிலையும் நீயே சொல்லிக்கிட்டா நான் எதுக்கு? கேளு."

பின்னால் வரிசை பேருந்து நிலையம் வரைக்கும் போய்விட்டது. தொல்லை விட்டால் போதும் என்று காவலாளி கேட்டார்: "சரி, என்னண்ணே வச்சிருக்கீக?"

மாமாவின் முகத்தில் மாப்பிள்ளைக் களை வந்தது. "ரிவால்வர்" என்றார், வீட்டு விலாசம் சொல்வது போல. காவலாளி சிரித்தார். மாமா சட்டையைத் தூக்கினார். காவலாளி சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல், கையிலிருந்த கருவியோடு நெற்றியில் சல்யூட் அடித்தார். அவருடைய தொப்பி வில்லையைக் கண்டு அது பீப் என்றது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ராஜ உபசாரம். மேனேஜர் ஓடி வந்தார், லைசென்ஸைப் பார்த்தார், காபி வந்தது. சேலை மாடியில் இருந்த கூட்டம் தானாகவே பாத்திர மாடிக்கு இடம்பெயர்ந்தது. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து, நெருக்கடி இல்லாமல் சேலை எடுத்தார். மாமா என் காதில் தன் கொள்கையைச் சொன்னார்: "கேட்டாத்தான் உள்ள போகணும், மாப்ள. கேக்காத வாசல்ல இதோட நுழைஞ்சா நானும் ரவுடியும் ஒண்ணு."

தியேட்டரில் வேறு விதம். அங்கே இருந்த காவலாளி மாமாவிடம் கேட்டார், பதிலைக் கேட்டார், லைசென்ஸைப் பார்த்தார், ஒதுங்கி வழிவிட்டார். அடுத்து என் பையைத் திறந்து அவித்த கடலையைப் பிடுங்கிக்கொண்டார். துப்பாக்கியை விடுகிறீர்கள், கடலையை விடமாட்டீர்களா என்றேன். பலகையைக் காட்டினார். வெளித் தின்பண்டம் அனுமதி இல்லை என்று எழுதியிருந்தது. துப்பாக்கியைப் பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை. படம் முழுக்க நான் பசியோடும், மாமா ஆயுதத்தோடும் உட்கார்ந்திருந்தோம்.

தேர்தல் வந்தால்தான் அவருக்குச் சோதனை. லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிடுவார்கள். புகுந்த வீட்டுக்குப் பெண்ணை அனுப்புகிற தகப்பன் மாதிரி போய்க் கொடுத்துவிட்டு வருவார். தேர்தல் முடியும்வரை வெறும் உறையோடு திரிவார். ஜவுளிக்கடைக் காவலாளி பழக்கத்தில் கேட்டால், "இப்ப இல்லப்பா, ஸ்டேஷன்ல இருக்கு" என்று இல்லாததையும் அறிவித்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

மற்ற நாட்களில் அதைக் கழற்றவே முடியாது. காரில் வைத்துவிட்டுப் போகக்கூடாது. வேறு யார் கையிலும் கொடுக்கக்கூடாது. அவருக்குச் சட்டம் தலைகீழ்ப் பாடம். கோயிலில் விடவில்லை என்றால் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு வாசலிலேயே நிற்பார். அப்படி ஒருநாள் அர்ச்சனைத் தட்டோடு வெளியே வந்த அத்தை சொன்னார்: "ஏங்க, நானா அதுவான்னு ஒரு வாசல்ல நிக்கத்தான் போறீக. அன்னிக்குத் தெரியும்."

அந்த வாசல் தேனியில் ஒரு ஆஸ்பத்திரி வாசலாக வந்தது.

மாமா மலைத் தோட்டத்தில் இருந்த நாள் அது. அத்தைக்குத் திடீரென்று வயிற்றில் சுருட்டி வலி. நானும் என் மனைவியும் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். பித்தப்பையில் கல், மறுநாள் காலையில் ஆபரேஷன் என்று சொன்னார்கள். என் மனைவி துணைக்கு இருந்தாள். மாமா மலையிலிருந்து நள்ளிரவுக்கு மேல் வீடு வந்து சேர்ந்து, காலையில் என்னோடு கிளம்பும்போது கதவைப் பூட்டினார். வீடு காலி. ஆகவே, பெல்ட்டைக் கட்டினார். அவசரத்தில் நானும் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நீலச் சட்டை போட்ட ஒரு அம்மா நின்றிருந்தார். மார்க்கையன்கோட்டைக்காரர் என்று பிறகு தெரிந்தது. கருவியை எடுப்பதற்கு முன்பே கேட்டார்: "பையில, இடுப்புல என்ன இருக்கு, சொல்லிருங்க."

மாமா உருகிவிட்டார். "பாத்தியா மாப்ள, சொல்லாமலே கேட்டாக" என்றார் என்னிடம். பிறகு விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா பதறவில்லை, சல்யூட் அடிக்கவில்லை. லைசென்ஸை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்தார்.

"லைசென்ஸ் சரியா இருக்கு. உள்ள விடமாட்டேன்."

"ரொம்பச் சரிம்மா" என்றார் மாமா, நல்ல மார்க் போடும் வாத்தியார் மாதிரி. அதற்குப் பிறகுதான், தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று அவருக்கு விளங்கியது. முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது.

நான் வாங்கிக்கொள்கிறேன் என்று கை நீட்டினேன். நீ தொட்டால் உனக்கு ஜெயில், கொடுத்ததற்கு எனக்கும் ஜெயில் என்றார். கையை மட்டுமல்ல, காலையும் பின்னால் இழுத்துக்கொண்டேன். பக்கத்துக் கேட்டில் இருப்பவர் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார், யானையோடு போனாலும் விடுவார் என்று காதோரம் சொன்னேன். என்னை அவர் பார்த்த பார்வையில், துப்பாக்கிக்கு உண்மையான வேலை அன்றுதான் வந்ததோ என்று பயந்துபோனேன்.

போன் அடித்தது. அத்தை. சத்தமாகவே கேட்டது.

"எங்க இருக்கீக? தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போக ஆளு வந்துருச்சு. உங்களைப் பாக்காம வரமாட்டேன்னுட்டேன்."

"கேட்டுல நிக்கிறேன்."

"அங்கன எதுக்கு நிக்கிறீக?"

"இல்ல, அது வந்து..." என்று இழுத்தார் மாமா. அத்தைக்குப் புரிந்துவிட்டது.

"அதைக் கட்டிக்கிட்டு அங்கனயே நில்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நீலச் சட்டை அம்மா, அடுத்த தெருவில்தான் ஸ்டேஷன், போய் ஒப்படைத்துவிட்டு வாருங்கள் என்றார். மாமா அசையவில்லை. தேர்தல் இல்லாத நாளில் தானாகப் போய்க் கொடுத்தால், உங்களுக்கு இது தேவையில்லை போலிருக்கிறதே என்று அடுத்த முறை புதுப்பிக்கமாட்டார்கள். கொடுத்தால் போனதுதான் என்றார். போகட்டுமே, அதை வைத்து என்ன சாதித்தோம் என்றேன். அவர் தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"அது இல்லேன்னா என்னைய யாரு மாப்ள நிறுத்திக் கேப்பா?"

அத்தை காத்துக்கொண்டிருக்கிறார் மாமா என்றேன். ஜோக் இல்லாமல் நான் பேசியது என் வாழ்க்கையில் அபூர்வம்.

அப்புறம் திடீரென்று நடக்க ஆரம்பித்தார். நடை ஓட்டமானது. ஸ்டேஷனில் இருந்தவர் நிதானமாகப் பேனா மூடியைக் கழற்றி, என்ன காரணம் என்று கேட்டார். "சம்சாரத்தைப் பாக்கணும்" என்றார் மாமா. இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்று அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே, மாமா பெல்ட்டோடு கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, ரசீதுகூட வாங்காமல் ஓடினார். பஸ் டிக்கெட்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்து ஆணியில் குத்தி வைக்கிற மனிதர்.

அந்த பெல்ட்டுக்கு இரண்டு வேலை என்பது தெருவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இத்தனை காலம் அவர் வேட்டியைத் தாங்கி நின்றதும் அதுதான். ஒரு கையில் வேட்டி, இன்னொரு கையில் லைசென்ஸ் என்று தேனி வீதியில் அவர் ஓட, பின்னால் தொப்பையைப் பிடித்துக்கொண்டு நான் ஓட, எங்களுக்குள் அடிதடி என்று நினைத்து ஒரு இளநீர்க்காரர் சமாதானம் செய்யக் கூடவே ஓடி வந்தார்.

நீலச் சட்டை அம்மா கருவியை இடுப்பருகே வைத்துப் பார்த்தார். சத்தமே இல்லை. "போங்க" என்றார்.

மாமா மூச்சு வாங்கியபடி நின்றார். "கேக்கலையேம்மா."

அந்த அம்மா அவரை ஒரு கணம் பார்த்தார். "இடுப்புல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றார் மாமா. "குடுத்துட்டேன்."

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் அத்தை. மாமா பக்கத்தில் போய் நின்றதும் அத்தை கையை நீட்டி அவர் இடுப்பைத் தடவிப் பார்த்தார். இந்தப் பக்கம் தடவினார், அந்தப் பக்கம் தடவினார். கண் நிறைந்துவிட்டது. "வேட்டியைப் பிடிங்க, விழுகப் போகுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கல் வெளியே வந்தது. அத்தை இப்போது என்னைவிட நன்றாக மாடிப்படி ஏறுகிறார். மாமா பயந்தது போலவே லைசென்ஸைப் புதுப்பித்துத் தரவில்லை, அவரும் மல்லுக்கட்டவில்லை. எல்லோரும் நல்லது என்றோம். ஆனால் பீப் சத்தம் வராத மனிதரை எந்த வாசலிலும் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. காற்று மாதிரி உள்ளே போய், காற்று மாதிரி வெளியே வந்துகொண்டிருந்தார். வேட்டியைக் கயிற்றால் கட்டியிருந்தார்.

போன மாதம் அத்தைக்குச் சேலை எடுக்க அதே ஜவுளிக்கடைக்குப் போனோம். வழக்கம்போல வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு, இடம் பார்க்கிறேன் என்று இறங்கிப் போனேன்; திரும்பி வரக் கொஞ்சம் நேரமானது. எங்கேயோ சொருகிவிட்டு மூவருமாக வாசலுக்கு வந்தோம். அதே காவலாளி. கருவி மாமாவின் மேல் போனது, சத்தம் இல்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே காலெடுத்து வைத்தார்.

"ஐயா, ஒரு நிமிசம்" என்றார் காவலாளி. "என்ன வச்சிருக்கீக?"

மாமா திரும்பினார். அதே மாப்பிள்ளைக் களை. முதுகு நிமிர்ந்தது. "ஒண்ணும் இல்லப்பா" என்றார் கம்பீரமாக. என் பக்கம் திரும்பி, "என்னமா ட்யூட்டி பாக்குறான் பாத்தியா" என்றார்.

அன்றைக்கு வண்டிக்கு இடம் பார்க்க நான் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது ஏன் என்று அத்தை மட்டும் என்னையும் காவலாளியையும் ஒரு மாதிரி மாறி மாறிப் பார்த்தார். இந்தப் பத்திரிகை அவர்கள் வீட்டுக்கும் வருகிறது. இந்த வாரம் மட்டும் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுக்கும்படி பேப்பர் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.