1912-ஐ நாங்கள் கண்டுபிடித்த மாலை

உலக சினிமாவின் வரலாற்றை முறையாகக் கற்ற ஊர்கள் இந்தப் பூமியில் இரண்டுதான். ஒன்று பாரிஸ். இன்னொன்று துனீசியக் கடற்கரையில் இருக்கும் எங்கள் மஹ்தியா. பாரிஸைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

அப்படிப்பட்ட ஊரில், சென்ற வெள்ளிக்கிழமை மாலை, நான் தவறான பென் டிரைவைச் சொருகினேன்.

எங்கள் திரைப்படக் கழகத்தில் புரொஜெக்டர் பொறுப்பு என்னுடையது. கழகம் வரலாற்றை வரிசை தப்பாமல் படிக்கிறது. ஒரு வருடத்துச் சினிமாவைப் படித்து, விவாதித்து, தீர்மானம் போட்டு முடிக்க எங்களுக்குச் சரியாக ஒரு வருடம் ஆகும். வரலாறும் அதே வேகத்தில் முன்னால் நடந்துகொண்டிருப்பதால் எங்களுக்கும் நிகழ்காலத்துக்கும் உள்ள தூரம் குறைவதே இல்லை. இதை நாங்கள் ‘கட்டுப்பாடு’ என்கிறோம். மௌனப்பட யுகம் முடியும்வரை தேவைப்படாது என்று ஒலிபெருக்கியை விற்றுவிட்டோம். புரொஜெக்டரிலும் வண்ணத்தை அணைத்து வைத்திருக்கிறோம்.

கழகத்தின் ஒரே இளம் உறுப்பினர் யுஸ்ரா. மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை. சொந்தமாக ஒரு குறும்படம் எடுத்து, அதை நாட்டின் திரைப்படக் கழகங்கள் நடத்தும் விழாவுக்கு அனுப்பச் சொல்லி மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கழகம் ஒரு படம் அனுப்பலாம். அதற்கு உறுப்பினர்கள் அதைப் பார்த்துக் கை தூக்க வேண்டும். கடைசி நாள் அந்த வெள்ளிக்கிழமைதான். படம் இருந்த பென் டிரைவை என்னிடம் கொடுத்து வைத்திருந்தாள்.

“உன் படத்துக்கும் முறை வரும் மகளே,” என்று சொல்லியிருந்தார் தலைவர் உஸ்தாத் ஷாத்லி. சுங்கத்துறையில் ஓய்வு பெற்றவர். எதையும் வரிசையில் நிறுத்திவிட்டுத்தான் உள்ளே விடுவார். “இப்ப நாம 1912-ல இருக்கோம். நடுவுல ரெண்டு உலகப்போர் வேற இருக்கு.”

அன்றைக்குப் பாடம், டென்மார்க்கிலிருந்து பெயர் தெரியாத ஒருவர் எடுத்த மீனவர் படம். விளக்கை அணைத்தேன். சொருகினேன். ஒரு பெண் திரையில் வந்தாள். கடற்கரைக்கு ஒரு வெள்ளை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், கடலைப் பார்க்கப் போட்டுவிட்டு, பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். அலை வந்தது. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்தாள். மறுபடி அலை. மறுபடி இழுத்தாள். நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

சட்டைப்பையில் கை விட்டேன். டென்மார்க் பத்திரமாக விரலில் தட்டுப்பட்டது.

உடனே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அரங்கத்தில் சூரியகாந்தி விதை கொறிக்கும் சத்தம் நின்றிருந்தது. எங்கள் கழகத்தில் இது இதற்குமுன் நடந்ததில்லை. பல் டாக்டர் நெஜீப் மூக்கை உறிஞ்சினார். உஸ்தாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசி வரிசையில் யுஸ்ரா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நானும், வரலாற்றின் நலன் கருதி, என் வாயைப் பொத்திக்கொண்டேன். படைப்பாளியின் பெயர் திரையில் வருவதற்குள் எங்கள் வழக்கப்படி விளக்கைப் போட்டேன். பெயர்கள் விவாத நேரத்தைத் தின்றுவிடும்.

“பாத்தீங்களா அந்தக் கடல?” உஸ்தாத் எழுந்தார், குரல் தழுதழுத்தது. “அதான்யா வடகடல்! அந்தக் குளிர்ந்த வெளிச்சம் நம்ம பக்கம் ஏழு ஜென்மத்துக்கும் வராது.”

சுவருக்கு அந்தப் பக்கம் அதே கடல் இரைந்துகொண்டிருந்தது. விவாதத்துக்கு இடைஞ்சல் என்று ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

சாத்திவிட்டு, மனசாட்சிக்காக ஒரு கேள்வி போட்டுப் பார்த்தேன். “அந்த வெள்ளை நாற்காலி… 1912-ல?”

“எலும்பு,” என்றார் நெஜீப் பட்டென்று. “திமிங்கிலத்தோட தாடை எலும்பு. பல் டாக்டர் சொல்றேன், ஒரு தாடைய எனக்குத் தெரியாதா?”

“பிளாஸ்டிக் மாதிரி…”

“உமக்கு ஒயரச் சுத்தத் தெரியும். சுத்தும்.”

உஸ்தாத் கையை உயர்த்தி அமைதி கேட்டார். “எடுத்தவன் யாருன்னே தெரியல. பேரில்லாம, பட்டினியில, ஏதோ ஒரு குளிர்ல செத்திருப்பான் பாவி. நம்ம மாதிரி நாலு பேரு அன்னிக்கு இருந்திருந்தா அவனச் சாக விட்டிருப்போமா? எல்லாரும் எந்திரிங்க. அந்த மேதைக்கு ஒரு நிமிஷம் மௌனம்.”

எல்லோரும் எழுந்து தலை குனிந்தோம். யுஸ்ராவும் எழுந்தாள். தனக்கான அஞ்சலியில் தானே நிற்கும் பேறு எத்தனை கலைஞர்களுக்குக் கிடைக்கும்? அரை நிமிடம் தாக்குப்பிடித்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

“ஏம்மா, எழவு வீட்டுல சிரிக்கிற?” என்றார் நெஜீப்.

“அது எலும்பு இல்ல டாக்டர். எங்க வீட்டு நாற்காலி. பக்கத்துல மணல்ல உக்காந்திருந்தது எங்க அம்மா. எங்க அண்ணன் படகேறி இத்தாலிக்குப் போனான்ல, அன்னையிலேர்ந்து தெனமும் போடுறாங்க. இந்தா, இந்தச் செவுத்துக்குப் பின்னாலதான்.”

இப்போது கிடைத்த மௌனம் முந்தையதைவிடத் தரமானது.

“அப்போ… இது இந்த வருஷத்துப் படமா?” என்றார் உஸ்தாத், சாவகாசமாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு.

“ஆமா உஸ்தாத். எல்லாரும் பாத்தாச்சு. இன்னிக்குத்தான் கடைசி நாள். கை தூக்குனீங்கன்னா அனுப்பிரலாம்.”

கழகம் தொண்டையைக் கனைத்துக்கொண்டது. கழகத்தின் பார்வை அபாரமான வேகத்தில் கூர்மையடைந்தது. வெளிச்சம் கொஞ்சம் தட்டை என்று நெஜீப் கண்டார். நாற்காலியை அத்தனை தடவை இழுத்திருக்க வேண்டாம் என்று உஸ்தாத் கருதினார். அவசரம் வேண்டாம், பக்குவம் வரட்டும் என்று தீர்மானம் உருவாகியது. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. யாரும் தூக்கவில்லை. நான் அந்த நேரத்தில் மிகுந்த துணிச்சலோடு ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் எனக்கு ஆறவில்லை. வாசலில் உஸ்தாதை மடக்கினேன்.

“நீங்க அழுதீங்களே உஸ்தாத்?”

“நான் அழுதது 1912-க்கு.”

“டாக்டர், நீங்க?”

“என் கண்ணீர் டென்மார்க்குக்குப் போனது. பாதி வழியில முகவரிய மாத்துனா எப்படி?” ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

யுஸ்ரா மட்டும் பென் டிரைவுக்காகக் காத்திருந்தாள். கொடுத்தேன். பாதாம் மிதக்கும் தேநீர் ஒன்று வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள், அம்மா கரையிலிருந்து திரும்பும் நேரமாம், நாற்காலி தூக்க ஆள் வேண்டுமாம்.

“யுஸ்ரா, நீயாவது சொல்லும்மா. நானும் எத்தனையோ வருஷமா சினிமா படிக்கிறேன், இது மட்டும் விளங்கல. அதே படம். அதே ஆளுங்க. கால் மணி நேரத்துல எப்படி மட்டமாச்சு?”

அவள் கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடைக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள்.

“படம் மாறல அண்ணே. எடுத்தவன் செத்துட்டான்னு நெனச்சீங்க, அதனால உங்களுக்குப் பிடிச்சுது. எடுத்தவ உசுரோட நிக்கிறேன்னதும் ஒரு கையும் எழல. உங்க கையையும் சேத்துத்தான் சொல்றேன்.”